நடப்பவனும் வேட்டைக்காரனும் மானுக்கு ஒன்றுதான்!

காட்டில் ஒரு மான் மேய்ந்துகொண்டிருக்கிறது. எங்கோ சருகு நொறுங்கும் சத்தம் கேட்கிறது. மான் தலையைத் தூக்குகிறது. காதுகள் இரண்டும் சத்தம் வந்த திக்கில் திரும்புகின்றன. வருகிறவன் துப்பாக்கியுடன் வருகிறானா, காற்று வாங்க வருகிறானா? அதை விசாரித்துக்கொண்டிருக்க மானுக்கு நேரம் இல்லை. ஒரே தாவல்! புதருக்குள் மறைந்துவிடுகிறது.

வந்தவன் வேட்டைக்காரன் என்றால் மானுக்கு உயிர் லாபம். வந்தவன் சும்மா நடந்தவன் என்றால் அதற்கு ஒரு வேளைத் தீனி நஷ்டம். "ஒரு வேளைதானே, போகட்டும்" என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அதே பாதையில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் நடந்தால் எத்தனை வேளை நஷ்டமாகும்?

இந்தக் கணக்கை அமெரிக்காவில் விஞ்ஞானிகள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது எல்க் என்ற பெரிய மான். அந்த மான் நம் புதுக்கோட்டைப் பக்கம் கிடையாது. என்றாலும், சின்னச் சின்னக் காடுகளும் பாறைக் குன்றுகளும் உள்ள நம் ஜில்லாவுக்கு அந்தக் கணக்கு மிகவும் பொருந்தும்.

எல்க் என்பது எது?

உதகமண்டலம் போனவர்கள் "எல்க் ஹில்" என்ற குன்றைப் பார்த்திருப்பார்கள். அங்கே முருகன் கோவிலும் உண்டு. "எல்க்" என்ற பெயர் அங்கே எப்படி வந்தது? நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் நம் கடமானைப் பார்த்து "எல்க்" என்று அழைத்தார்கள். இலங்கையிலும் அப்படியே செய்தார்கள். தெற்குச் சீமையில் மிளா என்றும், இலங்கைத் தமிழில் மரை என்றும் சொல்வது இந்தக் கடமானைத்தான்.

உண்மையான அமெரிக்க எல்க் வேறு. அதற்கு வாப்பிட்டி என்று இன்னொரு பெயர் உண்டு. "வெள்ளைப் பின்புறம் உடையது" என்று செவ்விந்தியர் மொழியில் அதற்குப் பொருள். நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். இந்தியாவில் அதற்கு நெருங்கிய உறவு காஷ்மீரத்து ஹங்குல் மான்தான்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் எல்க் வேட்டை சட்டப்படி நடக்கிறது. உரிமம் வாங்க வேண்டும். எந்த வாரத்தில் வில் அம்பு, எந்த வாரத்தில் துப்பாக்கி என்று ஒவ்வொரு மாநிலமும் நாள் குறித்துக் கொடுக்கிறது. பொதுவாக செப்டம்பரில் வில் வேட்டை ஆரம்பமாகும். ஆண் மான்கள் குழல் ஊதுவதுபோல் கூவித் துணை தேடும் காலமும் அதுதான். துப்பாக்கி வேட்டை அக்டோபர், நவம்பரில் சூடுபிடிக்கும்.

அதே மாதங்களில்தான் மலையில் இலைகள் பொன்னிறமாக மாறுகின்றன. அதைப் பார்க்க மக்கள் மூட்டையும் தடியுமாக மலைப் பாதைகளில் ஏறுகிறார்கள். தகராறு அங்கே பிறக்கிறது. "நீங்கள் கூட்டமாக நடந்து மானை விரட்டிவிட்டீர்கள்" என்கிறான் வேட்டைக்காரன். "நீ சுடுவதால்தான் மான் எங்கள் கண்ணில் படுவதே இல்லை" என்கிறான் நடப்பவன். மானைக் கேட்டால் என்ன சொல்லும்?

மானையே கேட்டார்கள்!

ஆரிகன் மாநிலத்தில் ஸ்டார்க்கி என்ற சோதனைக் காடு இருக்கிறது. சுமார் 100 சதுர கிலோ மீட்டர் பரப்பு. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் கம்பி வேலி. 1980-களின் கடைசியில் போட்ட வேலி அது. உள்ளே எல்க் மான்கள் தங்கள் போக்கில் வாழ்கின்றன. ஆண்டுதோறும் அங்கே உரிமத்துடன் வேட்டையும் நடக்கிறது.

விஞ்ஞானிகள் மான்களின் கழுத்தில் இருப்பிடம் சொல்லும் கருவிப் பட்டைகளை மாட்டினார்கள். பிறகு காட்டுப் பாதைகளில் ஆட்களை அனுப்பினார்கள். சில நாள் நடப்பவர்கள், சில நாள் குதிரைக்காரர்கள், சில நாள் சைக்கிள்காரர்கள், சில நாள் காட்டில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டிக்காரர்கள். நடுநடுவே ஒருவரும் போகாத நாட்களும் வைத்தார்கள். யார் வந்தபோது மான் எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டார்கள்.

முடிவுகள் 2018-ல் விரிவாக வெளிவந்தன. மோட்டார் வண்டி போனபோது மான்கள் பாதையிலிருந்து சராசரியாகச் சுமார் 880 மீட்டர் தள்ளி நின்றன. சைக்கிள் போனபோது சுமார் 660 மீட்டர். ஆள் நடந்தாலும் குதிரை போனாலும் சுமார் 550 மீட்டர். இவர்களில் ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு விந்தை உண்டு. மான்கள் விலகிய தூரம், பாதையில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் மறையப் போதுமான தூரம்! அவன் மானைப் பார்ப்பதில்லை. ஆகையால் தான் ஒரு மானையும் தொந்தரவு செய்யவில்லை என்று நிம்மதியாக வீடு திரும்புகிறான். அவன் வந்ததும் போனதும் மானுக்குத் தெரியும். மான் ஓடியது அவனுக்குத் தெரியாது.

அதே காட்டில் இருந்த மியூல் மான் என்ற வேறொரு ஜாதி இவ்வளவு தூரம் விலகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா மானும் ஒரே மாதிரி அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு.

ஓடினால் என்ன நஷ்டம்?

"ஓடட்டுமே, காலுக்குப் பயிற்சி!" என்று சிரிப்பவர்கள் உண்டு. எல்க் மானுக்கு இலையுதிர் காலம் சேமிப்புக் காலம். பனி விழுவதற்குள் தின்று கொழுப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் நேரத்தில் தின்ன முடியாது. நல்ல புல் உள்ள இடம் பாதைக்கு அருகில் இருந்தால், அந்தப் புல் இருந்தும் இல்லாததுபோல்தான்.

கொலராடோ மாநிலத்தில் இன்னொரு சோதனை நடந்தது. குட்டி போடும் பருவத்தில் பெண் மான்களை நோக்கி ஆட்கள் வேண்டுமென்றே நடந்து போய்க் கலைத்தார்கள். அப்படிக் கலைக்கப்பட்ட கூட்டத்தில், தாய்க்கு இத்தனை குட்டி என்ற விகிதம் குறைந்துவிட்டது. 2000-ல் இது வெளியாயிற்று. கலைப்பதை நிறுத்திய பிறகு விகிதம் மீண்டும் ஏறியது என்று 2005-ல் எழுதினார்கள். காலடி கெடுத்ததைக் காலடி நின்றதும் காடு சரிசெய்துகொண்டது!

வேட்டைப் பருவத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பொதுக் காட்டில் சந்தடி மிகுந்தால், எல்க் கூட்டம் வேட்டைக்கு அனுமதி இல்லாத தனியார் பண்ணைகளுக்குப் போய்விடுகிறது. வேட்டைக்காரனுக்கும் ஏமாற்றம், நடப்பவனுக்கும் ஏமாற்றம். பண்ணைக்காரனுக்கோ வைக்கோலும் வேலியும் போகிறது.

பாட்டி மானின் பாடம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பெண் எல்க் மான்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வயது ஏற ஏற அவை வேட்டைக் காலத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டன. அடர்ந்த காட்டிலும் கரடுமுரடான இடத்திலும் பதுங்கின. ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய பெண் மான் வேட்டைக்காரனிடம் சிக்குவது அநேகமாக இல்லை என்று 2017-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. ஓடுகிற மான் கண்ணில் பட்டது, சுடப்பட்டது. அசையாத மான் பிழைத்தது. பிழைத்தது பாடம் படித்தது.

மான் படிக்கும் பாடத்தில் "துப்பாக்கி" என்ற சொல் இல்லை. "மனிதன்" என்ற சொல்தான் இருக்கிறது. அதுதான் சங்கடம்.

2018-ல் "சயன்ஸ்" பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுவதிலுமிருந்து 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய 76 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். மனித நடமாட்டம் உள்ள இடங்களில் பிராணிகள் பகலை விட்டு இரவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பகலில் பாதி, இரவில் பாதி என்று திரிந்த பிராணி, மனிதன் வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமாக இரவில் திரிகிறது. வந்தவன் வேட்டைக்காரனா, வெறுமனே நடப்பவனா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை!

காஷ்மீரத்து ஹங்குலின் கதையும் இதைத்தான் சொல்லுகிறது. ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள தாச்சிகாம் காடு ஒரு காலத்தில் மகாராஜாவின் பாதுகாப்பில் இருந்தது. 1940-களில் ஹங்குல் மான்கள் 3,000-க்குக் குறையாமல் இருந்தன என்பது மதிப்பீடு. 2021 கணக்கெடுப்பில் 261. சமஸ்தானம் போனதும் கள்ள வேட்டை பெருகியது ஒரு காரணம். மலை உச்சிப் புல்வெளிகளுக்குக் கோடையில் ஆட்டு மந்தைகளும் காவல் நாய்களும் ஏறிவிடுவது இன்னொரு காரணம். ஆடு மேய்ப்பவன் மானைச் சுடுவதில்லை. ஆனாலும் மானுக்கு அந்தப் புல்வெளி போய்விட்டது.

வேட்டை நின்றால்?

"வேட்டையை அடியோடு நிறுத்திவிட்டால் பயம் தெளிந்துவிடுமே" என்று கேட்கலாம். தெளியும். அதற்கு இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளி சாட்சி.

நுவரெலியாவில் 1848-ல் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், நாய்க் கூட்டத்தை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்தி வீழ்த்துவதைப் பெரிய வீரமாகக் கருதினார். அந்த வேட்டைகளைப் பற்றி 1854-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நுவரெலியா அருகே "எல்க் பிளெயின்ஸ்" என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 1988-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று "உலக முடிவு" என்ற பாதாளப் பள்ளத்தைப் பார்க்க, தினந்தோறும் கூட்டம் அந்தப் புல்வெளியில் நடக்கிறது.

மரைகள் ஓடுகின்றனவா? இல்லை! வண்டிகள் நிற்கும் இடத்துக்கே சில மரைகள் வந்து நிற்கின்றன. பிஸ்கட் கொடுக்கிறார்கள், வாங்கித் தின்கின்றன. படம் எடுக்கிறார்கள்; நிற்கின்றன. பயம் போயிற்று. ஆனால் அதனுடன் காட்டுப் புத்தியும் போயிற்று. புல் மேய வேண்டிய வயிற்றுக்குள் ரொட்டியும் பாலிதீன் உறையும் போகும் அபாயம் வந்துவிட்டது. உள்ளே போகும் பயணிகளின் பைகளைச் சோதித்துப் பாலிதீனை வாங்கி வைக்க வேண்டிய நிலை காவலர்களுக்கு.

ஆக, மான் மனிதனைக் கண்டு ஓடினாலும் நஷ்டம், ஒட்டிக்கொண்டாலும் நஷ்டம். மனிதன் தன் வழியே போவான், நம்மிடம் வரமாட்டான் என்று மான் தெரிந்துகொண்டால், அதுதான் இருவருக்கும் நல்லது.

நம் ஊர்ப் பாடம்

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதே இல்லை. திருச்சி - மதுரை சாலையில் உள்ள விராலிமலைக்குப் போனால் போதும். முருகன் குடிகொண்ட பாறைக் குன்று. படியேறும் பக்தர்கள் ஏராளம். பாறைகளிலும் மரங்களிலும் மயில்கள் திரிகின்றன. பக்தர் கூட்டத்தைக் கண்டு அவை பதறிப் பறப்பதில்லை. ஏன்? முருகன் வாகனத்தின் மேல் அங்கே எவரும் கல் எறிவதில்லை. ஆனால் பயிரைத் தின்கிறது என்று மயிலுக்கு விஷம் வைத்த செய்திகளும் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்து வருகின்றன. துரத்தப்படும் வயலில் அதே மயில் மனிதத் தலை தெரிந்ததுமே எழும்பிவிடுகிறது. பறவை ஒன்றே, படித்த பாடம் வேறு.

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில், காடுகளில் சில பகுதிகள் அரசரின் வேட்டைக்கென்று காக்கப்பட்டன. மற்றவர் அங்கே சுட முடியாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசன் ஆண்டி எவருக்கும் வேட்டை இல்லை என்றாகிவிட்டது. இன்று ஜில்லாவின் பெரும் பரப்பில் தைல மரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் அடியில் ஒளிந்துகொள்ளப் புதரும் குறைவு, தின்னப் புல்லும் குறைவு. மிச்சம் இருப்பவை துண்டு துண்டான புதர்க்காடுகள்.

சட்டம் வந்தும் பழக்கம் முழுவதும் ஓயவில்லை. தென் ஜில்லாக்களில் மாசி, பங்குனித் திருவிழாக்களை ஒட்டி முயல் வேட்டைக்குக் கிளம்பும் பழக்கம் சில ஊர்களில் இருந்து வந்தது. வலையும் தடியும் நாயுமாக ஊரே காட்டில் இறங்கும். இப்போது வனத்துறை பிடிக்கிறது, அபராதம் போடுகிறது. அதற்கு அஞ்சி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் போகிறவர்களும், சுருக்குக் கம்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இங்கேதான் ஸ்டார்க்கிக் கணக்கு நமக்கு வேண்டியிருக்கிறது. அங்கே 550 மீட்டர் விலகினாலும் மானுக்கு இன்னும் பல கிலோ மீட்டர் காடு மீதி இருக்கிறது. நம் பக்கத்தில் ஒரு கிலோ மீட்டர் அகலமுள்ள காட்டின் நடுவே ஒரு பாதை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் 550 மீட்டர் கழித்தால் மீதி என்ன? ஒன்றுமில்லை! காடு முழுவதும் போயிற்று. புள்ளி மான் எல்க் அளவுக்கு விலகும் என்று சொல்லவில்லை. அதில் பாதி தூரம் விலகினாலும் பாதிக் காடு போயிற்று. இன்னும் ஓடினால் எதிரே தார்ச் சாலை. அதைத் தாண்டினால் ஊர் நாய்கள். வழிதவறிய மான் நாய் கடித்து இறந்தது என்று கோடைதோறும் தமிழ்நாட்டில் செய்தி படிக்கிறோமே, அந்த மானை முதலில் கிளப்பிவிட்டது எது என்று எவரும் கேட்பதில்லை.

இரவில் நெற்றி விளக்குடன் வருகிறவன் ஒருவன். விடியலில் நார்த்தாமலைப் பாறைமேல் சூரிய உதயம் பார்க்க வருகிற இளைஞன் இன்னொருவன். முயலுக்கும் மானுக்கும் இருவர் காலடியும் ஒன்றே. முன்னவன் இரவைப் பறித்துக்கொண்டான். பின்னவன் அறியாமலே விடியலைப் பறித்துக்கொள்கிறான். வாயில்லாப் பிராணி எந்த வேளையில்தான் மேய்வது? கள்ள வேட்டையை ஒழிப்பது மானுக்கு மட்டும் உபகாரம் அல்ல. குற்றமற்ற பாதசாரிமேல் விழும் பழியைத் துடைக்கவும் அது ஒன்றே வழி.

நடக்கவே கூடாதா?

அப்படி எவரும் சொல்லவில்லை. காட்டைப் பார்த்தவன்தான் காட்டுக்காகப் பேசுவான். தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 வழித்தடங்களைக் குறித்து, வழிகாட்டியுடன் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. தீ அபாயம் உள்ள கோடை வாரங்களில் பாதைகளை மூடுகிறார்கள். மனிதனுக்காகப் போட்ட அந்தப் பூட்டு, அந்த வாரங்களில் மானுக்கும் ஓய்வு கொடுக்கிறது.

ஆராய்ச்சிகளிலிருந்து நடப்பவன் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒரே பாதையில் நூறு பேர் போவது, நூறு பேர் நூறு பக்கம் போவதைவிட மேல். மேய்ச்சல் வேளையான விடியலையும் அந்தியையும் பிராணிகளுக்கு விட்டுவிட வேண்டும். நாயை அழைத்துப் போகக் கூடாது. குட்டியுடன் நிற்கும் மானை நெருங்கிப் படம் பிடிக்கக் கூடாது. தின்பண்டம் எதையும் நீட்டக் கூடாது. மோட்டார் சைக்கிள் சாலையோடு நிற்கட்டும்.

இவை எல்லாம் நம் ஜனங்களால் ஆகக்கூடிய காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள், சிவகங்கைச் சீமையில் இருக்கும் வேட்டங்குடிப்பட்டிக்குப் போய் வரலாம். அங்கே கண்மாய்களில் குளிர்காலத்தில் கொக்கும் நாரையும் வந்து கூடு கட்டும். 1977-ல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. பக்கத்திலுள்ள கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. சர்க்கார் உத்தரவு போட்டு வந்த பழக்கம் அல்ல. வெடிச் சத்தத்தில் பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும் என்று ஊர் தானே தெரிந்துகொண்டது, தானே நிறுத்திக்கொண்டது. கூடையும் குஞ்சையும் விட்டுப் பறக்க வேண்டிய அவசியம் அந்தப் பறவைகளுக்கு இல்லை. வருஷா வருஷம் அவை அதே மரங்களுக்குத் திரும்பி வருகின்றன.